ஊசி போட ஆள் உண்டு, இன்ஜெக்டர் வாங்கத்தான் காசில்லையாம்!

செலவைக் குறைக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, நிஜமாகவே குறைப்பது. இரண்டாவது வழி, அந்தச் செலவை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, தன் கணக்கில் 'மிச்சம்' என்று எழுதிக்கொள்வது. கழிவு நீரைச் சுத்தம் செய்யாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் திறந்துவிடும் சாயப்பட்டறைக்காரர் இரண்டாவது ரகம். அவருடைய லாப நட்டக் கணக்கை எத்தனை ஆடிட்டர் பார்த்தாலும் ஒரு தப்பும் தெரியாது. ஆற்றுக்கு யாரும் பேரேடு எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

படித்தவர்கள் மட்டுமே புழங்கும் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியிலும் இந்த இரண்டாவது ரகம் உண்டு. அங்கே அதன் பெயர், "எதுக்கு சார் இன்ஜெக்டர்? கையாலேயே போட்டுக்கலாம்!"

இதில் என்ன பெரிய பாவம் என்று தோன்றலாம். முதலிலிருந்து பார்த்தால் புரியும்.

உள்ளே போவது என்ன?

சில எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களுக்கு 'கான்ட்ராஸ்ட்' என்று ஒரு மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் அது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த திரவம். அணு எண் 64. அதன் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. அவை பக்கத்தில் இருக்கும் நீர் மூலக்கூறுகளின் சிக்னலை மாற்றிவிடும். அதனால் மருந்து போன இடம் படத்தில் தனித்துத் தெரியும். கடோலினியத்தைத் தனியாக உடம்பில் விட்டால் விஷம். ஆகவே அதை ஒரு வேதிக்கூண்டுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். கூண்டோடு போய், கூண்டோடு சிறுநீரில் வெளியே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏற்பாடு எப்போதும் சொன்னபடி நடக்கவில்லை. சிறுநீரகம் பழுதான சிலருக்குத் தோல் தடித்து இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போகும் ஒரு நோய் 1997-லிருந்து மருத்துவர்கள் கண்ணில் பட்டது. 2000-ல் மருத்துவ இதழில் பதிவானது. 2006-ல்தான் ஆஸ்திரியாவின் தாமஸ் குரோப்னர் அந்த நோய்க்கும் கடோலினியம் ஊசிக்கும் முடிச்சு இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போடச் சொன்னது.

கதை அதோடு முடியவில்லை. பலமுறை இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் சில இடங்கள், கான்ட்ராஸ்ட் இல்லாத வெறும் ஸ்கேனிலேயே பளிச்சென்று தெரிவதை 2014-ல் ஜப்பானின் தொமொனோரி காண்டா குழு வெளியிட்டது. 2015-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்தபோது அங்கே கடோலினியம் இருப்பது உறுதியானது. 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, கூண்டு எளிதில் திறந்துகொள்ளும் 'நேர்கோட்டு' வகை மருந்துகளில் சிலவற்றை நிறுத்திவைத்தது, மற்றவற்றின் பயன்பாட்டைக் குறுக்கியது. அதே ஆண்டு எஃப்.டி.ஏ., சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இந்தத் தேக்கத்தால் நேரடியாகக் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை என்றது. அப்படிச் சொல்லிக்கொண்டே, ஊசிக்கு முன்னால் நோயாளிக்கு விளக்கத் தாள் தரப்பட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனை ரத்து செய்ய ஓட வேண்டாம். மூளையில் கட்டி இருக்கிறதா என்று தெரிய வேண்டியவருக்கு இந்த ஊசியால் கிடைக்கும் நன்மை, அபாயத்தைவிட மிகப் பெரியது. இன்று அதிகம் புழங்கும் 'வளைய' வகை மருந்துகளில் கூண்டும் உறுதி.

பிரச்சினை நோயாளியைப் பற்றியது அல்ல. ஆராய்ச்சிக்காக வந்து படுக்கும் தன்னார்வலரைப் பற்றியது. அவருக்குத் தலைவலிகூட இல்லை. ஸ்கேன் முடிந்து எழுந்து போகும்போது அவர் கையில் எந்த நன்மையும் இருக்காது. கொஞ்சம் பயணப்படி கிடைக்கலாம். அவர் ஏற்கும் அபாயம் சின்னதுதான். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுத ஒரே ஒரு வரவுதான் உண்டு. ஊருக்கு உபயோகமான, நம்பத்தகுந்த ஓர் அளவீடு. அந்த வரவு சந்தேகத்துக்குரியது என்றால், அவர் கையில் குத்திய ஊசிக்கு நியாயமே கிடையாது.

இங்கேதான் இன்ஜெக்டர் வருகிறது.

2.4 நொடி சமாச்சாரம்

சாதாரண ஸ்கேன் சென்டரில் கட்டி தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால், மருந்தைக் கையால் ஏற்றிவிட்டுச் சில நிமிடம் கழித்துப் படம் எடுத்தாலும் போதும். ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் குடி முழுகிப் போகாது.

ஆராய்ச்சியில் கேட்கும் கேள்வி வேறு. மூளையின் இந்தப் பகுதியில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது? இந்தக் கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவர் எவ்வளவு கசிகிறது? விடையை எண்ணாகச் சொல்ல வேண்டும். அதற்கு மருந்து ஒரே உருண்டையாகச் சட்டென்று போய்ச் சேர வேண்டும். அது மூளையைக் கடக்கும்போது சிக்னல் எப்படி மாறுகிறது என்று கிட்டத்தட்ட ஒன்றரை நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் தடவை கடந்து போவது பத்துப் பதினைந்து நொடிச் சமாச்சாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லி. நொடிக்கு 5 மில்லி வேகத்தில் தள்ளினால் 2.4 நொடியில் முடிந்துவிடும். பின்னாலேயே அதே வேகத்தில் 20 மில்லி சலைன் போய், குழாயிலும் கை நரம்பிலும் தங்கியதை இதயம் நோக்கித் தள்ளிவிடும். இன்ஜெக்டர் செய்யும் வேலை இவ்வளவுதான். ஒரு சிரிஞ்சில் மருந்து, இன்னொன்றில் சலைன், வெளியே இருக்கும் அறையில் ஒரு பட்டன். ஸ்கேன் தொடங்கி இத்தனையாவது நொடியில், இந்த வேகத்தில் என்று சொல்லிவிட்டால், முதல் ஆளுக்கும் நாற்பதாவது ஆளுக்கும் ஒரே மாதிரி போகும்.

இதையே கையால் செய்தால்? ஸ்கேனர் குகைக்குள் கையை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இன்னொருவர் கையசைப்பார். இவர் கட்டை விரலால் அமுக்குவார். ஒரு ஆளுக்கு ஐந்து நொடி, அடுத்த ஆளுக்கு ஒன்பது நொடி. பிறகு அந்த சிரிஞ்சைக் கழற்றி சலைன் சிரிஞ்சை மாட்ட இன்னும் சில நொடி. உருண்டையாகப் போக வேண்டியது நீண்ட வாலோடு ஒழுகிப் போகும். படத்தில் வளைகோடு தட்டையாகும். ரத்தம் மெதுவாக ஓடியதா, கட்டை விரல் மெதுவாக அமுக்கியதா? பிரித்துச் சொல்வது பெரும்பாடு.

சரி, சாதாரண ஊசி பம்ப் ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்தால் ஆகாதா? ஆகாது. உள்ளே இருப்பது எப்போதும் அணையாத காந்தம். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரோடு போன இளைஞர், அந்தக் காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். இரும்பும் சாதாரண மோட்டாரும் அங்கே எமன். மோட்டார் எழுப்பும் மின் இரைச்சல் படத்தையும் கெடுக்கும். அதனால்தான் எம்.ஆர்.ஐ. இன்ஜெக்டர்களைத் தனியாக வடிவமைக்கிறார்கள். காந்தம் தேவைப்படாத பீங்கான் மோட்டார், மின்காந்தக் கவசம், ஒளியிழைக் கேபிள் என்று போகும். விலை கூடுவதும் இதனால்தான்.

சப்பைக்கட்டு 1: "எங்கள் ஆள் இருபது வருஷ அனுபவசாலி"

இருக்கட்டும். அவர் கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஆராய்ச்சி என்பது ஒருவர் செய்ததை இன்னொருவர் இன்னொரு ஊரில் செய்து பார்க்க முடிவது. கட்டுரையில் "நொடிக்கு 5 மில்லி" என்று எழுதினால் உலகத்தில் யாரும் திருப்பிச் செய்யலாம். "அனுபவசாலியின் கை" என்று எழுதினால் அவரையே பார்சலில் அனுப்ப வேண்டும் :-)

பௌதிகமும் அனுபவத்துக்குப் பணியாது. கான்ட்ராஸ்ட் திரவம் தண்ணீரைவிடக் கெட்டி. பச்சை வென்ஃப்ளான் போட்ட நரம்பில் சுலபமாகப் போவது, நீல வென்ஃப்ளானில் முக்கி முனகித்தான் போகும். ஒருவருக்கு நரம்பு நன்றாக இருக்கும், இன்னொருவருக்குத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வித்தியாசமெல்லாம் கட்டை விரலின் வேகத்தில் ஏறி, கடைசியில் 'மூளை ரத்த ஓட்டம்' என்ற பெயரில் அட்டவணையில் உட்காரும்.

சப்பைக்கட்டு 2: "சாஃப்ட்வேர் சரி செய்துவிடும்"

பாதி உண்மை. ரத்தக் குழாயிலேயே மருந்தின் அளவு எப்படி ஏறி இறங்கியது என்று அதே ஸ்கேனில் அளந்து, கணக்கில் கழிக்க முடியும். ஆனால் மருந்து எவ்வளவு நீளமாக ஒழுகுகிறதோ, அந்தக் கணக்கு அவ்வளவு தள்ளாடும். கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தாலும் விடை எங்கேயோ போய் நிற்கும். இன்னொரு குறுக்குவழி, பலரிடம் அளந்து எடுத்த சராசரி வளைகோட்டை எல்லோருக்கும் பொருத்துவது. 2006-ல் மான்செஸ்டரில் ஜெஃப் பார்க்கர் குழு வெளியிட்ட சராசரி வளைகோடு இந்தத் துறையில் பிரபலம். அது இன்ஜெக்டரால் ஒரே முறையில் ஊசி போட்டு எடுத்தது. கையால் போட்டுவிட்டு அந்த வளைகோட்டைக் கடன் வாங்குவது, அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, உடம்புதான் சரியில்லை என்று சொல்வது மாதிரி.

சப்பைக்கட்டு 3: "அவ்வளவு காசு எங்கே?"

வாங்க, இதற்குத்தான் காத்திருந்தது. ஸ்கேனர் வாங்கக் கோடிக்கணக்கில் கிடைத்திருக்கிறது. இன்ஜெக்டர் லட்சக்கணக்கில்தான். அதோடு ஒவ்வொரு ஆளுக்கும் தூக்கி எறியும் சிரிஞ்சும் குழாயும். இதை 'சேமித்தோம்' என்கிறார்கள். எங்கே சேமித்தார்கள் என்று பார்க்கலாம்.

புள்ளியியலில் ஒரு எளிய கணக்கு உண்டு. பி.காம். பேப்பரில்கூட வரும். அளவீட்டின் திட்ட விலக்கம் இரண்டு மடங்கானால், அதே வித்தியாசத்தை அதே உறுதியோடு கண்டுபிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஒரு பேச்சுக்கு, இன்ஜெக்டரோடு 20 பேர் போதுமான ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவேலையால் சிதறல் இரட்டித்தால் 80 பேர் தேவை. ஆக 60 பேருக்குத் தேவையே இல்லாமல் கடோலினியம் ஏற்றப்படும். அந்த 60 ஊசி, 60 மருந்துப் புட்டி, 60 மணிக்கணக்கான ஸ்கேனர் நேரம், எல்லாம் காசுதான். மருந்துச் செலவையாவது கணக்கில் எழுதுவார்கள். 60 பேர் உடம்பு ஏற்ற அபாயத்தை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

நடைமுறையில் இதைவிட மோசம். 80 பேரையெல்லாம் யாரும் சேர்ப்பதில்லை. 20 பேரோடு நிறுத்திவிட்டு, 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதி மூடிவிடலாம். அப்போது வீணானது 60 அல்ல, 20 ஊசிதான் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். அந்த 20-ம் முழுசாக வீண்.

சாயப்பட்டறைக்காரர் ஞாபகம் வருகிறதா?

சப்பைக்கட்டு 4: "எலிக்குத்தானே போடுகிறோம்"

எலியில் கதை இன்னும் கேவலமாகும். 25 கிராம் சுண்டெலிக்கு அதே கிலோ கணக்கில் வருவது 5 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. அதனால் நீர்க்கச் செய்து 100 மைக்ரோலிட்டர் போல ஏற்றுவார்கள். எலியின் மொத்த ரத்தமே சுமார் 2 மில்லிதான். ஸ்கேனர் குகைக்குள் இருக்கும் எலிக்கு வெளியிலிருந்து நீளமான குழாய் போட வேண்டும். குழாயின் உள் கொள்ளளவே ஊசி அளவைத் தாண்டிவிடும். இதில் கட்டை விரலால் 'சுமாராக' அமுக்கினால் எலிக்குள் போனது எவ்வளவு, குழாயில் நின்றது எவ்வளவு என்று யார் சொல்வது? எலி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாது. அதற்காக அதன் உயிரை ரஃப் நோட்டாகப் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை.

கம்பெனிக்காரர்களுக்கு ஜால்ராவா?

"இன்ஜெக்டர் கம்பெனியிடம் கமிஷன் வாங்கிய கட்டுரையா?" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த வியாபாரத்தையும் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஸ்டீபன் ஹைல்மன் என்ற டாக்டர் 1964-ல் தொடங்கியது மெட்ராட் கம்பெனி. ரத்தக் குழாய்ப் படங்களுக்கான இன்ஜெக்டரில் ஆரம்பித்து எம்.ஆர்.ஐ. இன்ஜெக்டர் வரை வந்தது. 1995-ல் அதை ஜெர்மனியின் ஷெரிங் வாங்கியது. 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கடோலினியம் மருந்தான மேக்னெவிஸ்ட், இதே ஷெரிங்கின் சரக்கு. 2006-ல் ஷெரிங்கையே பேயர் விழுங்கியது. இன்னொரு கான்ட்ராஸ்ட் கம்பெனியான பிரான்சின் கெர்பே, 2015-ல் மாலின்க்ராட்டின் கான்ட்ராஸ்ட் தொழிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்தே வாங்கியது. மருந்து விற்பவரே பம்பும் விற்கிறார். ரேசர் ஒரு தடவை, பிளேடு காலமெல்லாம் என்ற பழைய சூத்திரம். மாட்டிவைத்த இன்ஜெக்டர் சும்மா இருந்தால் விற்பவருக்கு நஷ்டம்.

எனவே இன்ஜெக்டர் இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் ஊசி என்பதும் அயோக்கியத்தனம்தான். கருவியும் புனிதமானது இல்லை. வென்ஃப்ளான் சரியாக உட்காராமல் இருந்தால், நொடிக்கு 5 மில்லி வேகத்தில் மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து கை வீங்கும். காற்றை வெளியேற்ற மறந்தால் ஆபத்து. அதனால் முதலில் சலைன் விட்டுப் பார்ப்பதும், அழுத்தத்துக்கு உச்ச வரம்பு வைப்பதும், பயிற்சி பெற்ற ஆள் இருப்பதும் கட்டாயம்.

ஊசியே இல்லாமல் முடிந்தால்?

இதற்கு இந்தத் துறையின் சரித்திரத்திலேயே பாடம் இருக்கிறது. 1991-ல் பாஸ்டனில் ஜாக் பெல்லிவோ குழு, மனித மூளை வேலை செய்வதை எம்.ஆர்.ஐ.யில் முதன்முதலாகப் படம் பிடித்தது. தன்னார்வலர்களுக்குக் கடோலினியம் ஏற்றி, வெளிச்சம் காட்டும்போதும் காட்டாதபோதும் பார்வைப் பகுதியில் ரத்தம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை. மறு வருஷமே, 1992-ல், அதே பாஸ்டனில் கென்னத் குவாங், மினசோட்டாவில் செய்ஜி ஒகாவா, விஸ்கான்சினில் பீட்டர் பாண்டெட்டினி குழுக்கள் ஊசியே போடாமல் அதைச் செய்துகாட்டின. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதே போதுமான கான்ட்ராஸ்ட் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மூளைச் செயல்பாட்டு ஸ்கேனுக்கு ஊசியோடு யாரும் மல்லுக்கட்டவில்லை. துறை அழிந்துவிடவில்லை, ஆயிரம் மடங்கு வளர்ந்தது.

ரத்த ஓட்டத்தை அளக்கவும் ஊசியில்லாத வழி 1992-லேயே வந்தது. கழுத்தில் ஓடும் ரத்தத்தின் நீர் மூலக்கூறுகளையே காந்தத்தால் 'முத்திரை குத்தி', அவை மூளைக்குள் போவதைப் பார்க்கும் முறை. சிக்னல் பலவீனம், நேரம் பிடிக்கும், எல்லாக் கேள்விக்கும் பதில் தராது. உண்மை. ஆனால் அந்த முறையில் பதில் கிடைக்கும் கேள்விக்கும் பழக்கதோஷத்தில் கடோலினியம் ஏற்றுபவரிடம், "ஏன் சார்?" என்று கேட்க யாராவது வேண்டும்.

கமிட்டி கேட்க வேண்டியது

கேட்க வேண்டிய ஆள் இருக்கிறார். ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. ஒப்புதல் படிவத்தில் எழுத்துப்பிழை திருத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடக் கூடாது. உலக மருத்துவச் சங்கம் 2024 அக்டோபரில் திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வின் வடிவமும் நடத்தும் முறையும் நம்பத்தகுந்த அறிவைத் தருவதாக இருக்க வேண்டும், ஆராய்ச்சி விரயத்தைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதன்படி பார்த்தால் ஊசி எப்படிப் போடப்படுகிறது என்பது டெக்னீஷியன் சமாச்சாரம் மட்டும் இல்லை, நெறிமுறைச் சமாச்சாரம்.

கேள்வி இரண்டே இரண்டு. ஊசி இல்லாமல் இதே பதில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் ஊசி வேண்டாம். கிடைக்காது என்றால், நொடிக்கணக்கில் அளக்கும் இந்த ஆய்வில் ஊசியை ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் போட இன்ஜெக்டர் இருக்கிறதா? இல்லை என்றால், வாங்கிவிட்டு வரட்டும். அல்லது இருக்கும் இடத்தோடு சேர்ந்து செய்யட்டும். பக்கத்து நிறுவனத்தில் ஸ்கேனர் நேரம் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பட்ஜெட் போடும்போது ஸ்கேனரோடு இன்ஜெக்டரையும் சேர்த்துக் கேட்பது நிர்வாகத்துக்குத் தலைவலிதான். ஆனால் அந்தத் தலைவலி, தலைவலியே இல்லாமல் வந்து படுத்த தன்னார்வலருக்குப் போகக் கூடாது. அவர் தன் கை நரம்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். கணக்கில் இலவசமாக வந்ததற்கு மதிப்பே இல்லை என்று எழுதுபவரை எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

ரேடியோகிராபி படிக்கும் நண்பர்கள், "கையாலேயே அருமையாக வருகிறது" என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம். தாராளமாக. வரும்போது ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள்: ஒரே ஆளுக்கு அல்ல, இருபது பேருக்குக் கையால் போட்டபோது ஆளுக்கு எத்தனை நொடி ஆனது என்ற பட்டியல். எழுதி வைத்திருப்பீர்கள்தானே?